நோய்ப் பெயர் கேட்கும் பெட்டி: ஆய்வு மானியக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மானியக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் உயிரியல், மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களைப் படித்து, எதற்குப் பணம் கொடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுப்பவர்கள் நீங்கள். குழுக்கள் பல. உங்கள் எல்லாருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். எந்த அமைப்பின் எந்தச் சுற்றில் எனக்கு என்ன நடந்தது என்று பெயர் சொல்லிக் கணக்குத் தீர்க்கும் எண்ணம் இல்லை. நான் பேச வந்தது, பல படிவங்களில் ஏதாவது ஒரு பெயரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி. உங்கள் ஆய்வு எந்த நோயாளிக்குப் பயன்படும், எத்தனை ஆண்டில் பயன்படும், நாட்டின் பொருளியலுக்கு அதனால் என்ன வரும் என்று அந்தப் பெட்டி கேட்கிறது.

மருந்து சோதிப்பவரிடமும், மருத்துவமனையில் புதிய சிகிச்சையை முயன்று பார்ப்பவரிடமும் இதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் விட்டால்தான் தப்பு. ஆனால் ஸ்டெம் செல்லின் (நரம்பு, தசை என்று பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) அடிப்படை உயிரியலில் வேலை செய்கிறவருக்கு இதைக் கட்டாயமாக்காதீர்கள். அவர் அதில் எழுதுவதற்கு மதிப்பெண்ணும் போடாதீர்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் என்று விளக்கத்தான் இத்தனை பக்கம்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அதே படிவத்தில் பொதுமக்களுக்கான சுருக்கம் என்று இன்னொரு பகுதி இருக்கும். துறைச்சொற்கள் இல்லாமல், சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுதச் சொல்வீர்கள். சரி, அந்தச் சாதாரண ஆள் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்குகிறவராகவும் இருக்கலாமே. அவருடைய வரிப்பணமும்தானே இதில் இருக்கிறது. அவர் நிம்மதியாகப் படிக்கிற மொழியில் இந்த விவகாரம் ஒரு தடவையாவது பேசப்படட்டும்.

முதலில் என்ன வேலை செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே தட்டில், ஒரே உணவில், ஒரே வெப்பத்தில் ஆயிரக்கணக்கான ஸ்டெம் செல்கள் வளர்கின்றன. மரபணுவில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஒரு செல் நரம்பாகவோ தசையாகவோ மாறத் தொடங்குகிறது. அதை ஒட்டி உட்கார்ந்திருக்கும் செல் எதுவும் நடக்காதது போல இருக்கிறது. ஏன்? நானோக் என்ற புரதம் எலியின் கருநிலை ஸ்டெம் செல்களில் கூடிக் குறைந்துகொண்டே இருக்கிறது, குறைந்த செல் மாறுவதற்குத் தயாராக நிற்கிறது, ஆனால் திரும்பவும் பழைய நிலைக்கு ஏறிவிடவும் அதனால் முடிகிறது என்று 2007இல் இயன் சேம்பர்ஸ் குழு காட்டியது. அந்த ஏற்ற இறக்கம் வெறும் தற்செயலா, செல் அதை ஒரு வேலைக்காகவே வைத்திருக்கிறதா என்பதெல்லாம் இன்னும் வாதத்தில் இருக்கிறது. எங்கள் கேள்வி அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது.

இந்தக் கேள்விக்கு எதிரே அந்தப் பெட்டியை வைத்துப் பாருங்கள். எந்த நோய்? நேர்மையான பதில், இப்போதைக்கு எந்த நோயும் இல்லை என்பது. அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் ஒரு நோயை எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் நீரிழிவு. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. நம்மவர்களுக்கு அது சும்மா ஒரு முழக்கமும் இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7 விழுக்காடு. நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரை இல்லாத அலமாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக நானோக் ஏறி இறங்குவதைப் பார்க்கிறவரும், குரோமோசோம் எப்படி மடிகிறது என்று பார்க்கிறவரும் கடைசிப் பத்தியில் இன்சுலின் சுரக்கும் கணையத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். வாசகம்கூட ஒன்றுபோலவே இருக்கும்: எதிர்காலத்தில் நீரிழிவுக்கான செல் சிகிச்சைக்கு வழிவகுக்கும். படிக்கிற நீங்கள் அதை நம்புவதில்லை, எழுதுகிற நாங்களும் நம்புவதில்லை. பிறகு எதற்கு அதற்கு ஐந்து மதிப்பெண்ணோ பத்து மதிப்பெண்ணோ?

இது வெறும் சடங்கு, தொலையட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்த வாசகம் படிவத்தோடு நிற்பதில்லை. மானியம் கிடைத்ததும் அதே வாசகம் செய்திக் குறிப்பாகிறது, செய்திக் குறிப்பு நாளிதழில் தலைப்பாகிறது. சில காலத்துக்கு முன் ஒரு சமூக மன்றத்தில் தமிழில் அறிவியல் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா தனியாக வந்தார். மகனுக்குச் சின்ன வயதிலேயே டைப் 1 நீரிழிவு, அதாவது உடலே இன்சுலினைச் சுரக்க முடியாமல் போகும் வகை. பையில் பத்திரிகைத் துண்டுகளை மடித்து வைத்திருந்தார். "தம்பி, வெளிநாட்டுல ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் ஊசி போடுறாங்களாம், நகையை வச்சாவது பணம் கட்டலாமான்னு பார்க்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னேன், ஏன் வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டுகளில் இரண்டு, நம்மூர் அடிப்படை ஆய்வைப் பற்றியவை. கணையத்துக்கும் அந்த ஆய்வுகளுக்கும் அந்தக் கடைசி வரியைத் தவிர வேறு தொடர்பு இல்லை. கிளினிக்காரர் விற்பது ஊசி. அதற்கு நம்பகத்தன்மையைச் சேர்த்துக் கொடுப்பது, நல்ல பெயருள்ள ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் இந்த மாதிரி வரிகள்தான்.

அந்த அம்மாவிடம் நான் சொன்ன உண்மைக் கதை ஒன்று உண்டு. அதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு எதிராக என்னிடம் இருக்கும் முக்கிய சாட்சி அதுதான்.

டக்ளஸ் மெல்டன் ஹார்வர்டில் தவளைக் கருவை ஆராய்ந்தவர். 1991இல் அவருடைய கைக்குழந்தைக்கு டைப் 1 நீரிழிவு வந்தது. அதன்பின் அவர் இன்சுலின் சுரக்கும் செல்லை உருவாக்குவதையே வேலையாக எடுத்துக்கொண்டார். 2014இல் அவருடைய குழு, மனித ஸ்டெம் செல்லிலிருந்து அப்படிப்பட்ட செல்களைப் பெரும் எண்ணிக்கையில் தட்டில் உருவாக்கிக் காட்டியது. 2025இல், அந்த வேலையிலிருந்து வந்த செல்களை வைத்து வெர்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவுகள் வந்தன. முழு அளவு செல்களைப் பெற்ற டைப் 1 நோயாளிகள் 12 பேர், அவர்களில் 10 பேர் ஓராண்டு கழித்து வெளியிலிருந்து இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். உடலின் எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. சோதனை சிறியது. இருந்தும் இது நிஜமான வெற்றி. தந்தை என்ற வேகத்தோடு ஒருவர் இறங்கியும், அந்த நோயைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் உழைத்தும், 34 ஆண்டுகள்.

அந்த 34 ஆண்டுகளுக்குள் எதெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டெம் செல்லைக் கணையத்தின் பக்கம் திருப்ப, கரு தன் வளர்ச்சியில் எடுக்கும் படிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப நடத்த வேண்டும். ஆக்டிவின் என்ற புரதம் கருவின் அடுக்குகளை உருவாக்கத் தூண்டும் என்பது தவளைக் கருவில் தெரிந்தது. பிடிஎக்ஸ்1 என்ற மரபணு இல்லாத எலிக்குக் கணையமே உருவாகாது என்பது 1994இல் தெரிந்தது. இந்த வேலைகளில் பலவற்றை எடுத்து உங்கள் பெட்டிக்கு முன் நிறுத்தினால், தவளை முட்டைக்கும் பொருளியலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கத் தோன்றும்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடுகிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் லெராய் ஸ்டீவன்ஸ் என்பவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சிகரெட்டில் கெடுதல் செய்வது புகையிலையா, அதைச் சுற்றும் தாளா என்று எலிகளில் சோதிப்பது. பணம் சிகரெட் தொழிலின் பணம். அந்த எலிகளில் ஒன்றின் விதைப்பை வீங்கியிருந்தது. அறுத்துப் பார்த்தால் கட்டிக்குள் முடி, பல், தசை என்று பலவகைத் திசுக்கள். ஸ்டீவன்ஸ் சிகரெட்டை மறந்துவிட்டு வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டியின் பின்னால் போனார். அந்தக் கட்டிகளைப் பற்றிய அறிவை வைத்துத்தான் 1981இல் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும் கேம்பிரிட்ஜில், கெயில் மார்ட்டின் கலிஃபோர்னியாவில் தனியாக, எலியின் கருநிலை ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்தார்கள். எவன்ஸ் 2007இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சிகரெட் தாள் திட்டத்தின் கேபிஐ (எட்ட வேண்டிய இலக்குக் குறியீடு) என்னவாக இருந்தது என்று எனக்கு ஒரு ஆர்வம் உண்டு. எதுவாக இருந்தாலும் இது அதில் இருந்திருக்காது.

வெளியூர்க் கதை எதற்கு, நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1983இல் பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம் தலைமையில் சிங்கப்பூரில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தை ஆசியாவின் முதல் என்று பெயர் பெற்றது. (கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் 1978லேயே இதைச் செய்திருந்தார். அங்கே அரசு அமைத்த நிபுணர் குழு அவரை நம்ப மறுத்தது, அவர் 1981இல் தற்கொலை செய்துகொண்டார், அங்கீகாரம் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. குழுக்களில் உட்காருபவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை.) ரத்னம் வளர்த்த அந்தத் துறையில்தான், இலங்கையிலிருந்து வந்த ஆரிஃப் போங்ஸோ, கருவை ஆய்வகத்தில் இன்னும் சில நாள் நன்றாக வளர்ப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார். கருக்குழாயின் செல்களோடு சேர்த்து வளர்த்தால் கரு நன்றாக வளர்ந்தது. அப்படி வளர்ந்த கருவின் உட்பகுதிச் செல்களை அவர் பிரித்தெடுத்து, இரண்டு பாஸேஜ் (பெருகிய செல்களைப் பிரித்துப் புதிய தட்டுக்கு மாற்றும் சுற்று) வரை ஸ்டெம் செல்லின் குணத்தோடு வைத்திருந்து, 1994இல் வெளியிட்டார். விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் நிலையான, தட்டில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் மனிதக் கருநிலை ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கியது 1998இல். உலகத்துக்கு நாலு வருடம் முந்தி சிங்கப்பூரில் நடந்த ஒன்று, கருத்தரிப்புச் சிகிச்சையின் பக்கவாட்டில் முளைத்தது. 2006இல் ஜீனோம் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிங்கப்பூரில் இங் ஹக் ஹுய் குழு, ஆக்ட்4, நானோக் புரதங்கள் எலி ஸ்டெம் செல்லின் மரபணுத் தொகுதியில் எங்கெங்கே ஒட்டுகின்றன என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது. அதிலும் நோய் எதுவும் இல்லை. இன்றும் இந்தத் துறையில் சிங்கப்பூருக்கு மரியாதை வாங்கித் தருபவை இந்த மாதிரி வேலைகள்தான்.

மறுபக்கமும் இங்கேயே நடந்தது. 2000இல் இஎஸ் செல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சிங்கப்பூரில் தொடங்கியது. நீரிழிவுக்கும் இதயத்துக்கும் செல் சிகிச்சை என்பது அதன் குறி. திறமையான ஆட்கள், நல்ல செல் வரிசைகள், முதலீடு எல்லாம் இருந்தன. 2007இல் அந்தச் சிகிச்சைத் திட்டங்கள் நிறுத்தப்பட்டன. முதலீட்டாளர் காத்திருக்கக்கூடிய காலத்துக்குள் மருந்து வராது என்பது தெரிந்துபோயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, காலம்தான் பொருந்தவில்லை. நிறுவனத்துக்குப் பொருந்தாத அந்தக் காலக்கெடுவை மூன்றாண்டு மானிய விண்ணப்பத்தில் எழுதச் சொல்வது எந்தக் கணக்கில் சரி என்றுதான் கேட்கிறேன். ஆழம் பார்க்க இறங்குகிறவனிடம், எத்தனை கிலோ மீனோடு கரையேறுவாய் என்று முதலிலேயே எழுதி வாங்குகிற மாதிரி இருக்கிறது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த நாடு ஆய்வுக்குக் கஞ்சத்தனம் காட்டுகிற நாடு இல்லை. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கி, 2024 வரவு செலவுத் திட்டத்தில் மேலும் 3 பில்லியன் சேர்த்தார்கள். எண்ணெய், நிலம் எதுவும் இல்லாத ஊர், போட்ட பணத்துக்கு என்ன வந்தது என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் பதில் வேண்டும். கல்வி அமைச்சின் ஆய்வு நிதி, ஆய்வாளரே யோசித்துக் கேட்கும் கேள்விகளுக்கு இடம் கொடுத்துத்தான் வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஸ்டெம் செல் என்று வந்ததும் ஒரு விசித்திரம் நடக்கிறது. பெயரிலேயே மருத்துவ வாடை அடிப்பதால், அடிப்படை அறிவியல் பக்கம் போனால் மருத்துவ நிதிக்குப் போங்கள் என்கிறார்கள். மருத்துவப் பக்கம் போனால், இது ரொம்ப அடிப்படையாக இருக்கிறதே என்கிறார்கள். எனக்குக் கிடைத்த இரண்டு மறுப்புக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று விலாசம் சொல்லிக்கொள்வது போல இருக்கும்.

2010இன் பிற்பகுதியில் ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் நிதியில் ஒரு கணிசமான பகுதி, தொழில்துறையோடு ஒத்துப்போகும் திட்டங்களுக்குப் போட்டி முறையில் என்று மாறியது. பெரிய மதிப்போடு அழைத்து வரப்பட்ட சிலர் அதற்கு அடுத்த ஆண்டிலேயே கிளம்பிப் போனார்கள். எல்லாருக்கும் காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனவர்களில் சிலர் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

சரி, பெட்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன கேட்பது? இரண்டே கேள்வி போதும். உங்கள் கருத்து தவறாக இருந்தால் அது எந்தச் சோதனையில், எப்போது தெரியவரும்? நீங்கள் வைத்திருக்கும் செல், நீங்கள் சொல்லும் செல்தான் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும். துறைக்கு வெளியே இருக்கும் உறுப்பினர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மனித ஸ்டெம் செல்லுக்குப் பெரும்பாலும் தினமும் மீடியம் (செல்கள் வளரும் உணவுத் திரவம்) மாற்ற வேண்டும். ஞாயிறு, பொதுவிடுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, முதலில் லேபுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எங்களில் உண்டு. இப்படி வாரக்கணக்கில் வளர்க்கும்போது, செல்கள் பிரிந்து பிரிந்து பெருகும்போது, சிலவற்றில் குரோமோசோம் மாற்றம் வந்துவிடும். 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு பகுதி இரட்டிப்பது அடிக்கடி காணும் ஒன்று. அந்தப் பகுதியில் செல்லைச் சாகவிடாமல் காக்கும் மரபணு இருக்கிறது. ஆகவே அந்த மாற்றம் வந்த செல் மற்றதைவிட நன்றாகப் பிழைக்கும், சில பாஸேஜுக்குள் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழகாக, ஆரோக்கியமாகத் தெரியும். இன்னும் சொன்னால், முன்பைவிட நன்றாக வளர்கிறதே என்று சந்தோஷப்படத் தோன்றும். வழக்கமான குரோமோசோம் சோதனையில்கூட இந்தச் சிறு மாற்றம் தப்பிவிடலாம். அதற்கென்று தனிச் சோதனை வேண்டும். வளர்ப்புச் செல்களில் தெரியாமல் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை வேண்டும். செல்லின் அடையாளச் சோதனை வேண்டும். இதையெல்லாம் எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஸ்டெம் செல் ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2023இல் தர அளவுகளையே வெளியிட்டிருக்கிறது.

பட்ஜெட்டைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படும் வரி எது தெரியுமா? இந்த வரி. எனக்கு வந்த ஒரு மதிப்பீட்டில், இது வழக்கமான பராமரிப்புச் செலவு, ஆய்வுக்கூடம் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. அதே விண்ணப்பத்தில் தொழில்துறைக் கூட்டாளிகளைச் சந்திக்க ஒதுக்கிய பயணச் செலவில் யாரும் கை வைக்கவில்லை.

2014 ஜனவரியில் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்திலிருந்து வந்த கட்டுரைகள் நினைவிருக்கும். சாதாரணச் செல்லைக் கொஞ்ச நேரம் அமிலத்தில் வைத்தால் ஸ்டெம் செல் ஆகிவிடும் என்றார்கள். உலகமே துள்ளியது. யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை, ஜூலையில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் விசாரணைக் குழு கண்டது, அந்தச் செல்கள் ஏற்கெனவே இருந்த கருநிலை ஸ்டெம் செல்களிலிருந்து வந்தவை என்பது. அதை உறுதி செய்தது, செல்லின் மரபணுவை எடுத்துப் பார்த்து இது யார் என்று கேட்ட சோதனை. உங்கள் பட்ஜெட் கத்தரி பராமரிப்பு என்று வெட்டிவிடும் அதே ரகம்.

நோய்ப் பெயரும் பொருளியல் பலனும் இல்லாவிட்டால் விண்ணப்பங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மோசமானவற்றை ஒதுக்குவதில் குழுக்கள் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேலே நிற்கும் நல்லவற்றுக்குள் எது முதல், எது ஏழாவது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் ஏற்கெனவே நிதி பெற்ற 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் திரும்பக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்கள் போட்ட மதிப்பெண்களுக்குள் ஒத்துப்போதலே காணவில்லை. அந்த மெல்லிய இடைவெளியை நிரப்பத்தான் நோய்ப் பெயர் உதவுகிறது என்று நினைக்கிறேன். ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டுமே.

அதற்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கலாம். சிரிக்காதீர்கள். நியூஸிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு மானியத்தை இப்படிக் கொடுக்கத் தொடங்கியது: தகுதியை நிபுணர்கள் பார்த்தார்கள், தகுதி பெற்றவற்றுக்குள் யாருக்கு என்பதைக் குலுக்கல் சொன்னது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியமும் சமநிலையில் நிற்கும் விண்ணப்பங்களுக்கு இதைப் பயன்படுத்துகிறது. நமக்கு இது புதிதா என்ன? உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது, குடவோலை முறையை வரி வரியாகச் சொல்கிறது. முதலில் தகுதி: இவ்வளவு நிலம், இந்த வயதுக்குள், இந்தப் படிப்பு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தள்ளுபடி, அவர் உறவினர்களும் தள்ளுபடி. அப்புறம் தேறியவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் கலக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை, அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் தகுதியையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்து, இரண்டுக்கும் அதனதன் இடம் கொடுத்த அந்த யோசனை இன்றைக்கும் உதவும். எல்லா மானியத்துக்கும் வேண்டாம். ஒரு சுற்றில், ஒரு சின்னப் பகுதிக்குச் செய்து பார்க்கலாம். திருப்பி அனுப்பப்பட்டவருக்கும், ஆய்வு நன்றாகத்தான் இருந்தது, ஓலை வரவில்லை என்று சொல்ல முடியும். மதிப்பெண் 0.2 குறைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்து நாலு வரி எழுத வேண்டிய வேலை உங்களுக்கும் மிச்சம்.

இந்த ஊரில் படித்து, இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மானியத்துக்கு எழுதும் இளம் ஆய்வாளர்கள் என்னிடம் வரைவைக் காட்டுவதுண்டு. கேள்வியை நாலு வரியில் முடித்துவிட்டு, நோயாளிகளுக்கான பலனை ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், எதற்கு மதிப்பெண் என்று பார்த்து எழுதுகிறார்கள். பேச்சில் அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு மணி நேரம் உற்சாகமாக விவாதிப்பவர்கள், தாளில் அதைக் கூச்சத்தோடு ஓரமாக வைக்கிறார்கள். ஸ்டெம் செல் ஆய்வாளர் ஷின்யா யமனாக்காவுக்கு 2003இல் ஜப்பானில் ஒரு பெரிய மானியம் கிடைத்தபோது அவர் அவ்வளவு பெயர் பெற்றவர் இல்லை. சாதாரணச் செல்லைத் திரும்பவும் ஸ்டெம் செல்லாக்க முடியும் என்ற அவர் எண்ணம் பலிக்கும் என்று நம்பியவர்களும் குறைவு. கேள்வியைத் தெளிவாக, நெஞ்சழுத்தத்தோடு வைத்தார், குழு துணிந்து கொடுத்தது. மூன்று வருடத்தில், 24 மரபணுக்களில் தொடங்கி நாலாகச் சுருக்கி, அதைச் செய்து காட்டினார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. ஆனால் அப்படிக் கேட்பதற்கு ஒரு தாளாவது வேண்டும்.

ஆகவே அடுத்த சுற்றுக்கு அழைப்பு விடும்போது, ஒரே ஒரு திட்டத்திலாவது அந்தப் பெட்டியில் "இப்போதைக்கு எந்த நோயும் இல்லை" என்று டிக் செய்ய ஒரு கட்டம் வையுங்கள். டிக் செய்தவருக்கு மதிப்பெண் குறையாது என்று அழைப்பிலேயே எழுதுங்கள். தரச் சோதனைச் செலவைத் தனித் தலைப்பாக்கி, அதில் கை வைப்பதில்லை என்று முடிவெடுங்கள். பொதுமக்களுக்கான சுருக்கத்தை உண்மையிலேயே பொதுமக்கள் படிக்கிற இடத்தில் வெளியிடுங்கள். நான்கு மொழிகளிலும் போடுவதானால், தமிழ்ச் சுருக்கங்களை எழுதவும் திருத்தவும் சம்பளம் எதிர்பார்க்காமல் வரத் தயாராக இருக்கிறேன். கூட வரக்கூடிய போஸ்ட்டாக்குகள் (முனைவர் பட்டம் முடித்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள்) சிலரையும் தெரியும்.

அன்புடன்,
ஸ்டெம் செல் ஆய்வாளர் ஒருவர்
சிங்கப்பூர்